கல்லறைக்குள் 17 நிமிட வெயில்

ஆண்டில் ஒருசில நாட்கள் மட்டும் காலைக் கதிர் வாசலைத் தாண்டி, கொடிமரம் தாண்டி, மண்டபங்களைத் தாண்டி மூலவர் மேல் விழும் என்று சொல்லப்படும் கோயில்கள் தமிழ்நாட்டில் நிறைய. அன்றைக்குக் கூட்டம் கூடும், மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். படத்துக்குக் கீழே நம் முன்னோரின் வானியல் அறிவைப் பற்றி இரண்டு வரி கட்டாயம் இருக்கும். அந்த இரண்டு வரியில் ஒரு சின்னக் கணக்கு விட்டுப்போகிறது. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது ஆண்டுக்கு இரண்டே நாள். மற்ற நாட்களில் உதயப் புள்ளி வடகிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே போய்ப்போய் வந்துகொண்டிருக்கும். ஒரு நீளமான கட்டடம் அந்த எல்லைக்குள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், எதிரே தடை இல்லாவிட்டால், வெயில் ஏதோ ஒரு நாள் உள்ளே விழுந்துதான் தீரும். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. இதற்குத் திட்டம் போட ஆள் தேவையில்லை.

அப்படியானால் வெயில் விழுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டியவன் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. வேறு என்ன இருந்தால் சொல்லலாம்? இதை மிகக் கறாராகக் கேட்டுப் பார்த்த இடம் அயர்லாந்தில் இருக்கிறது. பெயர் நியூகிரேஞ்ச்.

டப்ளினிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மீத் மாவட்டத்தில், பாய்ன் என்ற ஆறு தெற்கே ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்புகிறது. அந்த வளைவுக்குள் அடங்கிய மேட்டு நிலத்தில் சிறிதும் பெரிதுமாக 40-க்கு அருகில் ஈமக்குன்றுகள் உள்ளன. ஈமக்குன்று என்றால், இறந்தவர் எலும்பை வைக்கக் கல்லறை கட்டி, அதன்மேல் கல்லும் மண்ணும் குவித்து எழுப்பிய செயற்கை மேடு. 1993-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதி முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேடுகளில் பெரியவை மூன்று: நௌத், டௌத், நியூகிரேஞ்ச்.

பார்க்கப் போகிறவர்கள் ஆற்றின் தென்கரையிலுள்ள பார்வையாளர் மையத்தில் சீட்டு வாங்கி, நடைபாலத்தைக் கடந்து, அங்கே நிற்கும் சிறு பேருந்தில் ஏறிப் போக வேண்டும். சொந்த வண்டியில் நேரே மேட்டடிக்குப் போக முடியாது. முதலில் கண்ணில் படுவது 85 மீட்டர் குறுக்களவும் 12 மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள, புல் மூடிய வட்ட மேடு. அதைச் சுற்றி 97 பெரிய விளிம்புக்கற்கள் படுத்த வாக்கில் கிடக்கின்றன. வாசலுக்கு முன்னால் உள்ள கல்லில் சுருள் சுருளாகக் கோலம் கொத்தியிருக்கிறது. உள்ளே போகும் இடைகழி 19 மீட்டர் நீளம். சில இடங்களில் பருத்த உடம்புக்காரர் பக்கவாட்டில் திரும்பி, தலை குனிந்துதான் நகர முடியும். அது முடியும் இடத்தில் மூன்று பக்கமும் மாடம் வைத்த ஓர் அறை. அதன் கூரை 6 மீட்டர் உயரம். சாந்து கிடையாது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி அடுக்கி, உச்சியில் ஒரே பலகைக்கல்லால் மூடிவிட்டார்கள். ஐயாயிரம் ஆண்டு அயர்லாந்து மழைக்கு அந்தக் கூரை ஒழுகவில்லை. காரணம் வெளியிலிருந்து தெரியாது: கூரைக் கற்களின் மேல்முகத்தில் வாய்க்கால் போலக் காடி வெட்டி, நீரை ஓரத்துக்கு வடித்துவிட்டிருக்கிறார்கள். மேட்டுக்குள் மறைந்துபோகும் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு வேலை. இந்தக் காடிகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டியவர்கள் எதையும் ஏனோதானோவென்று செய்யவில்லை என்பதற்கு அவை சாட்சி.

1699-இல் அந்த நிலத்துக்காரர் கல் எடுக்கப் போய்த்தான் வாசல் வெளிப்பட்டது. முறையான அகழாய்வு 1962 முதல் 1975 வரை கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி தலைமையில் நடந்தது. வாசலின் உத்திரக்கல்லுக்கு மேலே, கூரையில், பெட்டி போன்ற ஒரு திறப்பை அவர் கண்டார். இதைக் கூரைச் சாளரம் என்று வைத்துக்கொள்வோம். அது எதற்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. வாசல்தான் இருக்கிறதே, அதற்கு மேல் இன்னொரு திறப்பு எதற்கு?

அதே சமயம் அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உலவியது. ஏதோ ஒரு நாள் சூரியன் உள்ளே வந்து கடைசி மாடத்துச் சுருள் கோலத்தில் படும் என்பார்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் கோடைக்கால உதயம் பிரபலம் என்பதால், யாரோ அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்றுதான் ஓ'கெல்லி முதலில் நினைத்தார். கோடையில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும். இந்த இடைகழியோ தென்கிழக்கைப் பார்க்கிறது. ஆனால் குளிர்காலத்தில்? 1967 டிசம்பர் 21 அதிகாலையில் அவர் உள்ளே போய்க் காத்திருந்தார். வெயில் உள்ளே வந்தது. அவருடைய குறிப்பிலுள்ள நேரங்களை இன்றைய அயர்லாந்துக் கடிகாரப்படி சொன்னால், 8:54-க்கு எதிர்க்குன்றின் மேல் சூரியன் எட்டிப் பார்த்தது. 8:58-க்குக் கூரைச் சாளரம் வழியாக ஒரு கோடு வெயில் அறைத் தரையில் விழுந்தது. கோடு விரிந்து 17 செ.மீ. அகலப் பட்டையாயிற்று. எதிரொளியில் அறை முழுதும் துலங்கியது. 9:15-க்கு எல்லாம் முடிந்து பழைய இருட்டு.

அந்த நாளுக்கு என்ன விசேஷம் என்பதை நாம் சென்னையில் இருந்துகொண்டு சரியாக உணர முடியாது. சென்னையில் உதயப் புள்ளி நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை, தெற்கே 24 பாகைதான் நகர்கிறது. நியூகிரேஞ்ச் இருக்கும் 53.7 பாகை அட்சரேகையில் இரு பக்கமும் 42 பாகை. ஜூனில் வடகிழக்கு மூலையில் முளைக்கும் சூரியன் டிசம்பரில் தென்கிழக்கு மூலைக்கு ஓடிவிடும். நமக்கு டிசம்பர்ப் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அங்கே ஏழரை மணி நேரம்தான். ஆடு மாடும் பயிரும் வைத்துப் பிழைத்தவர்களுக்குச் சூரியன் தெற்கே போவது நின்று திரும்புமா என்பது வயிற்றுப்பாட்டுச் செய்தி.

இந்த நின்று திரும்பும் நிலையைத்தான் கதிர்த்திருப்பம் என்கிறோம். ஊஞ்சலைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் விருட்டென்று போகும். முனைக்குப் போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு மெல்லத் திரும்பும். உதயப் புள்ளியின் ஆட்டமும் அதே கதிதான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நியூகிரேஞ்சில் அது ஒரே நாளில் தன் வட்டின் அகலத்துக்கும் அதிகமாக நகர்ந்துவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டியோ, ஐந்து நாள் சேர்ந்தாலும் அரை வட்டு அகலம் நகராது. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, வெயில் ஒரு நாளோடு நிற்காமல் டிசம்பர் 19 முதல் 23 வரை உள்ளே வருகிறது. மற்றொன்று, இடையிலுள்ள எந்தத் திசையையும் சூரியன் ஆண்டுக்கு இரு தடவை கடக்கும்போது, முனையை ஒரே தடவைதான் தொடுகிறது. திசையைக் குறிக்கவும் முனைதான் எளிது. நாள் எண்ணத் தெரிய வேண்டாம். உதயம் இதற்குமேல் தெற்கே போகவில்லை என்ற இடத்தில் ஒரு கழியை நட்டால் போதும்.

இங்கேதான் சந்தேகக்காரர் எழுந்திருக்க வேண்டும். அயர்லாந்தில் இப்படிப்பட்ட இடைகழிக் கல்லறைகள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அவை நாலா திசையும் பார்த்துக் கிடக்கின்றன. கோடை, குளிர்காலத் திருப்பங்களில் உதயம், மறைவு என்று முக்கியமான திசை நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு பாகை முன்னே பின்னே தள்ளுபடி கொடுத்தால் மொத்தம் 16 பாகை. வட்டத்தின் 360-இல் அது 22-இல் ஒரு பங்கு. ஆகவே கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டினால்கூட இருநூறில் ஒன்பது பத்து கல்லறைகள் கதிர்த்திருப்பத்தைப் பார்க்கத்தான் செய்யும். நியூகிரேஞ்ச் அந்தப் பத்தில் ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?

பதில் திசையில் கிடைக்காது, உயரத்தில் கிடைக்கிறது. இடைகழியின் தரை மட்டமாக இல்லை. வாசலிலிருந்து உள்ளே போகப் போக ஏறி, அறையை அடையும்போது இரண்டு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அதனால் வாசல் வழியாக நுழையும் வெயில் அறைக்குப் போய்ச் சேர முடியாது. நடுவழியிலேயே ஏறும் தரையில் மோதி நின்றுவிடும். அறைத் தரையும் கூரைச் சாளரமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு ஏன் என்ற கேள்விக்கு இதுதான் விடை. அது இல்லாவிட்டால் அறையில் வெளிச்சமே இல்லை. வெறும் திசைத் தற்செயல் என்றால், தேவையே இல்லாத ஒரு திறப்பு, மிகச் சரியான உயரத்தில், அதே கல்லறையில் வந்து உட்கார்ந்ததும் தற்செயல் என்று சொல்ல வேண்டும். டப்ளினைச் சேர்ந்த வானியலாளர் டாம் ரே 1989-இல் 'நேச்சர்' இதழில் இந்தக் கேள்வியை அளவெடுத்து ஆராய்ந்து, திட்டமிட்டதே என்று முடிவு சொன்னார்.

இன்னொரு தடயம் எனக்கு இதைவிடப் பிடித்தது. சாளரத்தை மூட இரண்டு வெங்கச்சங்கல் கட்டிகள் இருந்திருக்கின்றன. ஒன்று அகழாய்வின்போதும் இடத்திலேயே இருந்தது. சாளரத்தின் அடிக்கல்லில் கீறல்கள். கட்டியை இழுத்துத் திறந்து, தள்ளி மூடி, திரும்பத் திரும்பச் செய்ததால் விழுந்த கீறல்கள். கல்லறை கட்டி முடிந்த பிறகும் யாரோ வந்து அந்தச் சாளரத்தைப் புழங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் எந்தக் காலத்தில்? குன்றுக்கு வயது சொல்ல அங்கே கிடந்த எலும்பை அளந்தால் போதாது. எலும்பு பிந்தி வந்து சேர்ந்திருக்கலாம். ஓ'கெல்லி குழு கூரையைப் பிரித்தபோது, கற்களின் இடுக்குகளில் மழை இறங்காதபடி எரிந்த மண்ணும் கடல் மணலும் கலந்து அடைத்திருப்பதைப் பார்த்தார்கள். கட்டும்போது தவிர வேறு எப்போதும் அதை அங்கே வைக்க வழியில்லை. அதிலிருந்த கரித்துகள்கள்தான் காலம் சொல்லின. உயிர் உள்ளவரை மரம் காற்றிலிருந்து கதிரியக்கக் கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்தபின் வரவு நின்றுபோய், 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் இருப்பு கரையும். மிச்சத்தை அளந்தால் வயது வரும். ஆனால் காற்றிலிருந்த அளவே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஆகவே வயது தெரிந்த மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத கணக்கு கி.மு. 2500-ஐ ஒட்டி வந்தது. திருத்தியபின் சுமார் கி.மு. 3200. கீசாவின் பெரிய பிரமிடுக்கு அறுநூறு ஆண்டு முந்தியது.

ஐயாயிரம் ஆண்டில் சூரியன் தடம் மாறியிருக்காதா? பூமியின் அச்சு இரண்டு விதமாக மாறுகிறது. அச்சு சுட்டும் திசை வானில் மெதுவாக வட்டமிடுவது ஒன்று. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிப்பது இதைத்தான். தை முதல் நாள் உத்தராயணம் என்று நாம் கொண்டாட, சூரியன் டிசம்பரிலேயே வடக்கே திரும்பிவிடுவதற்கும் இதுதான் காரணம். நட்சத்திரங்களை வைத்துப் போட்ட கணக்குதான் இதில் நழுவும். டிசம்பர்த் திருப்பத்தில் சூரியன் எந்தக் குன்றின் மேல் உதிக்கிறது என்பதை இது தொடாது. அதைத் தொடுவது இரண்டாவது மாற்றம்: அச்சின் சாய்வு. 41,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாக அது கூடிக் குறைகிறது. நியூகிரேஞ்ச் கட்டிய நாளில் 24 பாகையாக இருந்தது. இன்று 23.4. வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் அந்த அட்சரேகையில் உதயப் புள்ளியை அது சூரிய வட்டின் இரண்டு அகலத்துக்கு வடக்கே தள்ளிவிடுகிறது.

ஓ'கெல்லியின் குறிப்பில் உதயத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே விழுந்த நான்கு நிமிட இடைவெளி இதனால்தான். வட நாடுகளில் சூரியன் நேரே மேலே ஏறாமல் தெற்குப் பக்கம் சரிந்து ஏறும். இன்று அது தன் பழைய உதய இடத்துக்கு நேரே வந்து சேர அந்த நான்கு நிமிடம் பிடிக்கிறது. அதற்குள் அரை பாகை உயர்ந்துவிடுவதால் கதிர் சற்றுச் செங்குத்தாக இறங்கி, பின் மாடத்தை எட்டாமல் தரையிலேயே தங்கிவிடுகிறது. டாம் ரேயின் கணக்கில், கட்டிய காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்த அதே கணம் வெளிச்சம் நுழைந்து கடைசிவரை போயிருக்கும். சாய்வு என்ன கணக்கில் குறைகிறது என்பது இந்தக் குன்றோடு சம்பந்தமே இல்லாத வான்கணிதத்தில் இருந்து வந்த எண். அதைப் பின்னோக்கி ஓட்டினால் கோணல் கூடாமல் நேராகிறது. இதை ஒரு தனிச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்று நியூகிரேஞ்ச் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வரும் வெள்ளைச் சுவருக்கு இந்த அளவு சாட்சிகள் கிடையாது. வாசலுக்கு இருபுறமும் பளீரென்று நிற்கும் வெங்கச்சங்கல் சுவர் ஓ'கெல்லி எழுப்பியது. பின்னால் கான்கிரீட் தாங்குகிறது. தோண்டும்போது வெங்கச்சங்கற்கள் குன்றின் முன்னால் தரையில் பரவிக் கிடந்தன. இடிந்து விழுந்த சுவர் என்று அவர் முடிவு கட்டினார். பக்கத்து நௌத்தில் பல பத்தாண்டுகள் தோண்டிய ஜார்ஜ் ஓகன் அதே மாதிரி கிடந்த கற்களைத் தரையில் பாவிய தளம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டார். ஒரே கல், ஒரே ஆற்று வளைவு, இரண்டு தீர்ப்பு. கான்கிரீட் இல்லாமல் அவ்வளவு செங்குத்தான சுவர் குன்றின் பாரத்தைத் தாங்கி நின்றிருக்குமா என்ற கேள்விக்கு நல்ல பதிலை நான் இதுவரை படித்ததில்லை. கூரைச் சாளரத்தின் கதை வேறு. அதன் கோலம் கொத்திய மேல்கல் 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளியே தெரிந்து குறிப்புகளில் ஏறிவிட்டது. ஆகவே அது 1960-களில் முளைத்தது என்று சொல்ல வழியில்லை.

இந்தக் கற்கள் வந்த தூரம் இன்னொரு வியப்பு. வெங்கச்சங்கல் டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைகளிலிருந்து வந்தது. இடையிடையே பதித்த உருண்டைக் கற்கள் வடக்கே டண்டாக் விரிகுடாப் பக்கத்தவை. இங்கே சக்கரமும் இல்லை, இரும்பும் இல்லை.

மேட்டின் மேல் நின்றால் சுற்றுவட்டாரம் முழுதும் இதே ஜனங்களின் கைவேலை. டௌத்தின் தெற்கு அறைக்குள் குளிர்கால மாலை வெயில் நுழைகிறது. நௌத்தில் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு இடைகழி. சம இரவுப் பகல் நாளைக் குறிக்கத்தான் அப்படி வைத்தார்கள் என்று சுற்றுலாப் பேச்சு சொல்லும். அளந்து பார்த்தவர்களுக்குத் திசை சரியாகப் பொருந்தவில்லை. 2018 ஜூலையில் கடும் வறட்சி. அப்போது நியூகிரேஞ்சுக்கு அருகே வயலின் மேல் டிரோன் பறக்கவிட்ட அந்தோணி மர்ஃபியும் கென் வில்லியம்ஸும், காய்ந்த பயிருக்கு நடுவே பச்சையாக ஒரு மாபெரும் வட்டத்தைப் பார்த்தார்கள். எப்போதோ தோண்டி மூடிய குழியில் மண் ஆழமாகவும் இளகலாகவும் இருக்கும், ஈரம் தங்கும், மேலே நிற்கும் பயிர் தாமதமாக வாடும். பயிர்த்தடம் என்று இதைச் சொல்லலாம். கழி நட்டிருந்த குழிகளின் வரிசை, நியூகிரேஞ்சுக்குச் சில நூற்றாண்டு பிந்திய ஒரு திறந்தவெளி வட்டம், அந்தக் கோடையில் மட்டும் வெளிப்பட்டது. மழை பெய்ததும் மறைந்தது.

கடைசியாக, உள்ளே இருந்தவர்கள். அகழாய்வில் கிடைத்தவை ஐந்து பேருக்குரிய எலும்புத் துண்டுகள். வாசல் திறந்து கிடந்த 260 ஆண்டில் எவ்வளவு போனதோ. அவற்றில், மிக அலங்காரமான மாடத்தில் கிடைத்த ஓர் ஆணின் மண்டையோட்டுத் துண்டிலிருந்து டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த லாரா கேசிடி குழு மரபணுவைப் படித்து 2020-இல் வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் மரபணுத் தொகுதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெற்றோர் உறவுக்காரர்களாக இருந்தால் இரண்டும் நீளம் நீளமாக ஒன்றுபோலவே இருக்கும் பகுதிகள் வரும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சராசரியாக 16-இல் ஒரு பங்கு. தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டினால் 8-இல் ஒரு பங்கு. இந்த மனிதருக்கு வந்தது ஏறக்குறைய 4-இல் ஒரு பங்கு. பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ, பெற்றவரும் பிள்ளையுமாகவோதான் இருந்திருக்க முடியும். எகிப்திய பார்வோன்களைப் போலத் தங்கள் வம்சத்துக்குள்ளேயே மணந்த தெய்வீக அரச குலம் இது என்று குழு கருத்துச் சொன்னது. உலகம் முழுதும் அதுவே தலைப்புச் செய்தி.

நாலில் ஒரு பங்கு என்பதில் தகராறு இல்லை. அரச குலம் என்பதில்தான். இத்தகைய உறவில் பிறந்தவர் இங்கே இந்த ஒருவர்தான். மற்ற அயர்லாந்துக் கல்லறைகளில் கிடைத்தவர்களோடு அவருக்கிருந்த சொந்தமும் பல தலைமுறை தள்ளிய தூரத்துச் சொந்தம். 2025-இல் அகழாய்வாளர்கள் சிலர் இதையெல்லாம் எடுத்துக்காட்டி, ஒரு மண்டையோட்டுத் துண்டை வைத்து ராஜாவை முடிசூட்ட முடியாது என்று மறுத்து எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம். கூரைச் சாளரத்துக்குத் திசை, தரையின் ஏற்றம், கீறல், அச்சுச் சாய்வு என்று ஒன்றையொன்று அறியாத நான்கு சாட்சிகள் உண்டு. ராஜாவுக்கு இருப்பது ஒன்று. இன்னொரு மாடத்தில், அல்லது இன்னும் முறையாகத் தோண்டாத டௌத் மேட்டில், இதேபோல் இரண்டாவது ஆள் கிடைத்தால் நான் கட்சி மாறத் தயார்.